குளிர்ந்த நீரில் முதலில் கரைந்த சீனி

பாப்பா, இதை நீ வெள்ளி, சனி விடுமுறை முடிந்து ஞாயிற்றுக்கிழமை பள்ளிக்குப் போவதற்கு முன்னால் படித்துவிட வேண்டும். நேரில் சொல்லலாம்தான். ஆனால் நான் முக்கியமாக எதையாவது சொல்லத் தொடங்கினால் நீ எழுந்து போய்ப் பாத்திரம் கழுவுகிறாய். இந்த வீட்டில் பாத்திரங்கள் இவ்வளவு பளபளப்பாக இருப்பதற்கு என் அறிவுரைகளே காரணம் என்று உன் அம்மா சொல்வாள். கைப்பேசியில் பேசி அனுப்பினால் அதை இரட்டை வேகத்தில் ஓடவிட்டுக் கேட்கிறாய். என் வாழ்க்கை அனுபவமெல்லாம் எலிக்குஞ்சின் குரலில் உனக்கு வந்து சேர்கிறது. கடிதத்தை அப்படி விரட்ட முடியாது. அதனால்தான் காகிதம்.

விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஞாயிற்றுக்கிழமை கல்வி அலுவலக அதிகாரி மறுபடியும் உன் வகுப்பைப் பார்க்க வருகிறார் அல்லவா, அந்தப் பாடவேளையில் தர்ஷினி உன் வகுப்பில் இருக்கமாட்டாள். அவளை நூலகத்துக்கு அனுப்ப ஏற்பாடாகியிருக்கிறது. நீ மறுக்க நேரமில்லாதபடி அன்று காலையில்தான் உன்னிடம் சொல்வதாகத் திட்டம். ஏற்பாடு செய்தவர் உன் தலைமையாசிரியர். செய்ய வைத்தவன் நான். இனி நீ பாத்திரம் கழுவப் போனாலும் சரி, திரும்பி வந்து மிச்சத்தையும் படி.

உனக்குத் தெரிந்ததையே உனக்குச் சொல்லப் போகிறேன், பொறுத்துக்கொள். நீ சொன்னது என் காதில் எப்படி விழுந்தது என்பது உனக்குத் தெரிய வேண்டும். ஐந்தாம் ஆண்டு அறிவியல். நீரின் வெப்பநிலைக்கும் சீனி கரையும் வேகத்துக்கும் உள்ள தொடர்பு. ஒரு குழுவுக்குச் சுடுநீர், ஒரு குழுவுக்குக் குழாய்நீர், ஒரு குழுவுக்கு ஐஸ் போட்ட நீர், ஒவ்வொரு முகவையிலும் ஒரே அளவு சீனி. உலகத்தில் இதைவிட எளிய சோதனை ஒன்று இருந்தால் அது தண்ணீர் நனைக்குமா என்று பார்ப்பதாகத்தான் இருக்கும். பள்ளியில் இருந்த சீனியை எறும்புகள் முந்திக்கொண்டு ஆராய்ந்துகொண்டிருந்ததால், ஒவ்வொரு குழுவும் வீட்டிலிருந்து கொண்டு வரட்டும் என்று சொல்லிவிட்டாய். நம் வீடுகளில் சீனி கேட்டால் என்ன கிடைக்கும் என்பதைப் பாடத்திட்டம் எழுதியவர்கள் யோசிக்கவில்லை. சுடுநீர்க் குழுவின் கவினுக்கு அவன் அம்மா, அர்ச்சனைத் தட்டோடு வந்து வந்து வீட்டில் சேர்ந்துபோன கற்கண்டைப் பொட்டலம் கட்டிக் கொடுத்திருந்தாள். சாமிக்கு வைத்தது, பையன் சோதனையில் கைவிடாது என்ற நம்பிக்கை. குளிர்நீர்க் குழுவின் தர்ஷினி வீட்டில் கேக் செய்து விற்கிறார்கள். அவள் கொண்டுவந்தது மாவு போன்ற கேக் சீனி. கரண்டியில் அளந்தால் இரண்டும் ஒரே அளவுதான். மாற்றாமல் வைக்க வேண்டியவை என்று பலகையில் நீ எழுதியதும் 'சீனியின் அளவு' என்றுதான், வகை என்று எழுதவில்லை. கற்கண்டைப் பார்த்ததுமே உனக்கு விளங்கிவிட்டது. ஆனால் வகுப்பின் பின்வரிசையில், பிள்ளைகளுக்கான நாற்காலியில், முழங்கால் நெஞ்சைத் தொட, அதிகாரி உட்கார்ந்திருந்தார். நீ நிறுத்தவில்லை.

ஐஸ் தண்ணீரில் சீனி காணாமல் போயிற்று. சுடுநீரில் கற்கண்டு ஆற்றுக் கூழாங்கல்லைப் போல நிம்மதியாகக் கிடந்தது. பிள்ளைகள் பயிற்சித்தாளை எடுத்து, சுடுநீரில்தான் சீனி முதலில் கரைந்தது என்று எழுதினார்கள். டியூஷனில் அப்படித்தான் படித்திருந்தார்கள். கற்கண்டைக் கலக்கிக் கலக்கிக் கை வலித்த குழுவும் அதையே அழகான கையெழுத்தில் எழுதியது. ஒருத்தி மட்டும் வேறு எழுதினாள். அதிகாரி எழுந்து வந்து எடுத்தது அவள் தாளைத்தான். அதன் பிறகு நடந்ததை நீ அவர்கள் குரலிலேயே பேசிக் காட்டினாய்.

"ஏம்மா, புக்குல இப்படியா போட்டிருக்கு?"

"புக்குல இல்ல சார். முகவையிலதான் இப்படி இருந்துச்சு."

"சுடுதண்ணியிலதானே சீக்கிரம் கரையும்? உங்க டீச்சர் சொல்லித் தரலயா?"

"சொன்னாங்க சார். ஆனா கரையல. இன்னும் கெடக்கு, வந்து பாருங்க."

அவர் போய்ப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் அவருக்கும் ஏதாவது எழுத வேண்டி வந்திருக்கும். "தப்பா எழுதியிருக்கு டீச்சர், திருத்துங்க" என்று தாளை உன்னிடம் நீட்டினார். நீ சிவப்புப் பேனாவால் சரி என்று குறியிட்டு, "அவ பாத்தத எழுதியிருக்கா சார். சோதனைய நாந்தான் சரியா வைக்கல" என்று சொன்னாய். அவர் கோப்பை மூடி, "நான் இன்னொரு தடவ வரேன்" என்று போய்விட்டார். உன் பணி உறுதியாவது அவர் எழுதிக் கொடுப்பதைப் பொறுத்தது. அன்று மதியத்திலிருந்து தர்ஷினிக்கு வகுப்பில் 'ஐஸ் சீனி' என்று பெயர். பொய்க்காரி என்றும் யாரோ சொல்லியிருக்கிறார்கள். கற்கண்டைக் கலக்கிய குழுவாகத்தான் இருக்கும்.

போன வெள்ளிக்கிழமை சாப்பாட்டில் இதை நீ சொன்னபோது உன் மாமாவும் இருந்தான். உன் அம்மாவின் தம்பிக்கு எல்லா நோய்க்கும் ஒரே மருந்துதான்.

"அவரு தப்புங்கிறாரு, நீ அவரு மூஞ்சிக்கு நேராவே சரி போடுற. அவரு காடி ஏறிப் போனதும் போட்டிருக்கலாம் லா."

"அவரு போனப்புறம் போட்டா அவளுக்கு எப்படி மாமா தெரியும்?"

"ஒரு ஹேம்பர் கூடை கட்டிக் கொண்டுபோய்க் குடு. தீபாவளிக்குன்னு சொல்லிக்கலாம்."

"சித்திரப் பொறப்பே இப்பத்தான் போச்சு மாமா."

"அதான், மொதல்லயே குடுக்குறோம்னு சொல்லு. நல்ல பேரு வரும்."

நீ சிரித்தாய். பிறகு சிரிக்காமல் உன் திட்டத்தைச் சொன்னாய். அடுத்த முறை அதிகாரி வரும்போது இதே பாடத்தைத்தான் எடுக்கப் போகிறாய். முதலில் எல்லா முகவையிலும் ஒரே பொட்டலத்துச் சீனி. அடுத்து ஒரே சூட்டில் கற்கண்டும் கேக் சீனியும். அன்று நடந்தது ஏன் நடந்தது என்று பிள்ளைகளே கண்டுபிடிக்க வேண்டும், அதை வகுப்புக்கு எடுத்துச் சொல்லப் போவது தர்ஷினி. அவளிடம் வாக்குக் கொடுத்துவிட்டேன் என்றாய். "செய்யி, என்ன ஆயிடும்?" என்றாள் உன் அம்மா, ரசத்தை ஊற்றிக்கொண்டே. நான் ஒன்றும் சொல்லவில்லை. மகளே, நான் ஒன்றும் சொல்லாமல் இருக்கும்போது நீ கவலைப்படப் பழகிக்கொள்ள வேண்டும்.

உன் அம்மா அப்படிச் சொன்னதில் எனக்கு வியப்பில்லை. நீ சின்னப் பிள்ளையாக இருந்தபோது புகைமூட்டம் வந்து செர்டாங் ஊரே கண்ணுக்குத் தெரியாமல் போன நாட்கள் இருந்தன. ஓவிய வகுப்பில் நீ வானத்துக்குச் சாம்பல் நிறம் பூசினாய். வானம் நீலம் என்று டீச்சர் திருப்பிக் கொடுத்துவிட்டார். உன் அம்மா முகமூடி கட்டிக்கொண்டு பள்ளிக்குப் போய், "டீச்சர், கொஞ்சம் வெளிய வந்து பாத்துட்டு அப்புறம் சொல்லுங்க" என்று அவரை வாசலுக்கே கூட்டிவந்துவிட்டாள். அன்று நான் அலோர் ஸ்டாரில் அலுவலகத்தில் இருந்தேன். நம் குடும்பத்தில் துணிச்சலான காரியங்கள் எல்லாம் நான் அலுவலகத்தில் இருந்தபோதுதான் நடந்திருக்கின்றன. இப்போது ஓய்வு பெற்று வீட்டிலேயே இருக்கிறேன், விளைவைப் பார்.

விடுமுறை முடிந்து நீ கிளம்பிப் போன பிறகு நானே சமையலறையில் அந்தச் சோதனையைச் செய்தேன். கிளாஸ்களை எடுத்ததற்கு உன் அம்மாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன், அது வேறு கதை. சாமி மாடத்துக் கற்கண்டைக் கொதிக்கும் நீரிலும், சீனியை இடித்துப் பொடியாக்கி ஐஸ் தண்ணீரிலும் போட்டுக் கலக்கினேன். தர்ஷினி எழுதியபடியேதான் நடந்தது. இதை ஏன் சொல்கிறேன் என்றால், அந்தப் பிள்ளை சரியாக எழுதினாள் என்பதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் நான் உன் தலைமையாசிரியரைத் தேடிப் போனேன். தெரியாமல் செய்தேன் என்று சொல்லிக்கொள்ளும் வசதியை நான் எனக்கு மிச்சம் வைக்கவில்லை.

அவரும் நானும் ஒன்றாகப் படித்தவர்கள் என்பது உனக்குத் தெரியும். செவ்வாய்க்கிழமை மாலை அவர் வீட்டுக்குப் பக்கத்தில் உள்ள கடையில் தேநீர் குடித்தோம். நம்மவர்கள் ஒரு காரியத்தை முடிக்க ஆளைப் பிடித்துப் பேசுவதை நீ கேட்டதில்லை. அதில் யாரும் எதையும் செய்வதில்லை, காரியங்கள் தாமாகவே நடந்துகொள்கின்றன. நான் குமாஸ்தாவாக இருந்த காலமெல்லாம் பேசிய மொழி அது, இன்னும் மறக்கவில்லை.

"பொண்ணு கொஞ்சம் பிடிவாதம்" என்றேன்.

"நல்ல டீச்சர்ப்பா. அதுல கொற சொல்ல முடியாது."

"மறுபடியும் அதே பாடம்தான் எடுப்பாளாம்."

"பாடம் ஒண்ணும் பிரச்சன இல்ல. அந்தப் பிள்ளதான். தங்கமான பிள்ள. ஆனா பாத்தத அப்படியே சொல்லிப்புடும்."

"அன்னைக்கு அது இல்லாட்டி..."

"லைப்ரரியில புத்தகம்லாம் அடுக்காமக் கெடக்கு" என்றார் அவர், தேநீரைப் பார்த்துக்கொண்டு. "ஆபிசர் வந்தா அங்கயும் எட்டிப் பாப்பாரு. ஒரு பொறுப்பான பிள்ளய நிறுத்தணும்."

அவ்வளவுதான். பிறகு முட்டிவலியைப் பற்றிப் பேசினோம். அதிகாரி வரும் நாளில் மெதுவாகப் படிக்கும் பிள்ளையைத் தோட்டத்துக்குத் தண்ணீர் ஊற்ற அனுப்புவதும், அதிகம் கேள்வி கேட்கும் பிள்ளையைக் கடிதம் கொடுத்துவிட்டு வர அனுப்புவதும் நம் பள்ளிகளில் புதிதல்ல. யாரும் அதைக் கெட்ட எண்ணத்தில் செய்வதில்லை. வீட்டுக்கு விருந்தாளி வந்தால் கிழிந்த மெத்தையைச் சுவர்ப் பக்கம் திருப்பிப் போடுகிறோம், அந்த எண்ணம்தான். வண்டியில் திரும்பும்போது எனக்கு நிம்மதியாக இருந்தது. பெற்ற கடமையைச் செய்துவிட்டவன் போல உட்கார்ந்து வந்தேன்.

இன்று காலை, வெள்ளிக்கிழமை, மூக்குக்கண்ணாடி வாங்கிவரச் சுங்கைப் பட்டாணிக்குப் போனேன். சந்தையில் தர்ஷினியின் அம்மா வாராவாரம் வெள்ளியும் சனியும் கேக் விற்கிறாள் என்று நீதான் சொல்லியிருந்தாய். எதற்காக அந்தப் பக்கம் போனேன் என்று என்னாலேயே சொல்ல முடியவில்லை. டீச்சருடைய அப்பா என்று சொன்னதும் அவள் எனக்கு உட்கார நாற்காலி இழுத்துப் போட்டாள்.

"எம் பொண்ணுக்கு லைப்ரரி பொறுப்பு குடுத்திருக்காங்கய்யா. ஆபிசர் வர்ற அன்னைக்கு. ஹெட்மாஸ்டரே நேத்து ஸ்கூல் விட்டப்புறம் கூப்பிட்டுச் சொன்னாராம். எங்க வீட்டுல இப்படி யாரையும் பொறுப்புல போட்டதே இல்ல."

"அப்படியா" என்றேன்.

"டீச்சர்தான் சொல்லியிருப்பாங்க. அவங்களுக்கு இவ மேல ஒரு பிரியம். போன தடவ ஆபிசர் முன்னாலயே தப்பா எழுதி வச்சிட்டா. வீட்டுல நல்லா ஏசுனேன். அதுக்கப்புறமும் கூப்பிட்டுப் பொறுப்புக் குடுக்கிறாங்கன்னா பாருங்க." பேசிக்கொண்டே கேக்கைத் துண்டு போட்டாள். "ஆனா இந்தப் பிள்ள மூஞ்சத் தூக்கி வச்சிட்டு உக்காந்திருக்கு. அன்னைக்குத்தான் மறுபடி சீனி கரைக்கிறாங்களாம், இவ பேசணுமாம். நாந்தான் சொன்னேன், சீனி என்னைக்கு வேணா கரைச்சுக்கலாம், லைப்ரரி எல்லாருக்கும் கெடைக்குமான்னு. ஸ்கூல் பினாஃபோர அயர்ன் பண்ணி வச்சிருக்கேன். புது ரிப்பன் ஒண்ணு வாங்கணும்."

நான் கேக்கை வாயில் போட்டுக்கொண்டேன். பேசாமல் இருப்பதற்கு அது ஒரு நல்ல காரணம்.

மத்தியானம் உன் தலைமையாசிரியருக்குப் போன் செய்து, செவ்வாய்க்கிழமை நான் சொன்னதை மறந்துவிடச் சொன்னேன். "நீ என்ன சொன்ன? நீ ஒண்ணுமே சொல்லலயே" என்றார். உண்மைதான், நான் எந்த வாக்கியத்தையும் முடிக்கவில்லை. "இது ஸ்கூல் விஷயம்ப்பா, மாத்துனா ஏன்னு கேப்பாங்க" என்று வைத்துவிட்டார். ஆட்டிவிட்டவன் நான்தான் என்றாலும் நிறுத்தும் பிடி என் கையில் இல்லை. அது உன் கையில் இருக்கிறது. உன் பாடவேளையில் உன் மாணவி எங்கே இருக்க வேண்டும் என்று சொல்ல வகுப்பாசிரியைக்கு உரிமை உண்டு. அதற்காகத்தான் எழுத உட்கார்ந்தேன்.

வெப்பம் கூடினால் கரையும் வேகம் கூடும் என்று உன் பிள்ளைகள் ஒப்பிக்கிறார்கள். என் விஷயத்தில் பெரிய வெப்பம் ஒன்றும் தேவைப்படவில்லை. யாரும் என்னை மிரட்டவில்லை, யாரும் எதையும் தருகிறேன் என்று சொல்லவில்லை. மகள் நன்றாக இருக்க வேண்டும் என்ற வெதுவெதுப்பு போதுமாயிருந்தது. அநியாயம் செய்பவர்களை நான் எப்போதும் கொஞ்சம் சிவந்த கண்களோடு கற்பனை செய்து வந்திருக்கிறேன். அவர்கள் தேநீர் குடித்துவிட்டு முட்டிவலி பற்றிப் பேசுகிறவர்களாகவும் இருக்கலாம் என்று இந்த வயதில் தெரிந்துகொண்டேன். உனக்கு நான் சொல்லக்கூடிய அறிவுரை இவ்வளவுதான்: உன் நன்மைக்காக யாராவது ஏதாவது செய்தால், அதற்காக வகுப்பிலிருந்து யாரை வெளியே அனுப்பினார்கள் என்று கேள். செய்தவர் உன் அப்பாவாக இருந்தால் இரண்டு முறை கேள்.

அவளை நீ உள்ளே வைத்துக்கொண்டால் உனக்கு நல்லது நடக்கும் என்று நான் சொல்லமாட்டேன். அதிகாரி மறுபடியும் கோப்பை மூடிக்கொண்டு போகலாம். உன் பணி உறுதியாவது தள்ளிப்போகலாம். எங்கேயோ தூரத்துக்கு மாற்றலும் வரலாம். நான் அலுவலகங்களில் இருந்தவன், சரியாகச் செய்தவர்களுக்கு என்ன நடந்தது என்று எனக்குத் தெரியும். அது தெரிந்ததால்தான் செவ்வாய்க்கிழமை போனேன்.

சனிக்கிழமை. மேலே உள்ளதை நேற்று எழுதி முடித்து, நீ கிளம்பும்போது உன் வண்டி இருக்கையில் வைத்துவிடலாம் என்று இருந்தேன். உன் அம்மாவிடம் படிக்கக் கொடுத்தேன். படித்துவிட்டு, "மகளுக்கு எழுதிட்டீங்க, சரி. அந்தப் பொம்பளக்கி யாரு சொல்றது? அது அங்க ரிப்பன் வாங்கிட்டு இருக்கும்" என்றாள். கண்ணாடிக் கடை என்று உன்னிடம் ஒரு பொய் சொல்லிவிட்டுக் காலையிலேயே புறப்பட்டேன். கண்ணாடி நேற்றே வாங்கியாயிற்று, போட்டுக்கொண்டுதான் போனேன், நீ கவனிக்கவில்லை.

சந்தையில் கூட்டம் குறையும்வரை காத்திருந்து சொன்னேன். நூலகம் எதற்காக என்று சொன்னேன். ஏற்பாட்டில் டீச்சருக்குத் தொடர்பில்லை, அவளுக்குத் தெரியவே தெரியாது, போய்ப் பேசியவன் நான் என்று சொன்னேன். முழு வாக்கியங்களில் பேசுவது எவ்வளவு கடினம் என்று அப்போதுதான் தெரிந்தது. அவள் கேக் கத்தியைத் துணியில் துடைத்துக்கொண்டே இருந்தாள். ஏசுவாள் என்று நினைத்தேன், ஏசியிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும்.

"அப்ப எம் பொண்ணு எழுதுனது?" என்று கேட்டாள்.

"சரிதாம்மா. நானும் வீட்டுல செஞ்சு பாத்தேன். அவ எழுதுன மாதிரிதான் ஆவுது."

"டீச்சர் சரி போட்டாங்கன்னு தாளைக் கொண்டாந்து காட்டுனா. பாவம் பாத்துப் போட்டிருக்காங்கன்னு நெனச்சேன். பொய் சொல்றியான்னு கேட்டு அந்தப் பிள்ளய அடிச்சேன்யா."

அவள் கத்தியை வைத்துவிட்டு, பெட்டிகளை மூடத் தொடங்கினாள். வியாபாரம் முடியவில்லை, கேக் பாதிக்கு மேல் இருந்தது. எங்கே என்று கேட்டேன். "வீட்டுக்கு. அவகிட்ட சொல்லணும்" என்றாள். நாளைக்கு அவளே பிள்ளையைப் பள்ளிக்குக் கூட்டிவருவாளாம். நூலகத்துக்கு அல்ல, நேராக உன் வகுப்பு வாசலுக்கு.

ஆகவே நாளைக் காலை அவர்கள் வந்து நிற்பார்கள். நீ அவளை உள்ளே கூப்பிட்டு உட்கார வைக்க வேண்டும், அதிகாரி வந்திருந்தாலும். யார் இதைக் கெடுத்தது என்று தலைமையாசிரியர் கேட்டால் என் பெயரைச் சொல். இனிஷியலோடு சொல்.